இழுப்பு இருக்கிற வீடு

கம்பளம் கழுவும் மெஷின் வாங்கும்போது அவசரப்படக் கூடாது, சார். உங்கள் வீட்டுக்காரம்மாவும் ஒன்று வாங்கச் சொல்லி நச்சரிப்பதாகச் சற்று முன்னால் சொன்னீர்கள். எது நல்லது என்று என்னிடமே கேட்டீர்கள். பேச்சை ஆரம்பிப்பதற்காகக் கேட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் காலையிலிருந்து இந்த அறையில் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கடைகளில் மூன்று விதம் கிடைக்கும். ஒன்று, தூசியை மட்டும் உறிஞ்சுவது. பாதி வீடுகளில் இருப்பது அதுதான். தண்ணீரைக் காட்டினால் செத்துவிடும். இன்னொன்று, தண்ணீரையும் சோப்பையும் ஊற்றி பிரஷ்ஷால் தேய்ப்பது. பார்க்க ஜோராக இருக்கும், நுரை தள்ளும், கம்பளம் பளிச்சென்று ஆகும். ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது, ஊற்றிய கையோடு தண்ணீரைத் திரும்ப இழுத்துவிடும். அழுக்குத் தண்ணீர் தனித் தொட்டியில் வந்து விழும். அதைப் பார்த்தால் இத்தனை நாள் இதன் மேலா உருண்டு புரண்டோம் என்று உங்களுக்குக் குமட்டும். அந்த மூன்றாவதை வாங்குங்கள்.

நான் வாங்கியது இரண்டாவது. தெரிந்தேதான் வாங்கினேன்.

அதை விற்ற கடைக்காரன் பக்கத்து அறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. என் மைத்துனன் செத்ததற்கு அவன்தான் காரணம் என்று என் மனைவி புகார் கொடுத்திருக்கிறாள். கூடவே தன்னையும் சேர்த்துக்கொண்டாள் என்றீர்கள். "நான் கடைல ஒழுங்கா வாயைத் திறந்து சொல்லியிருந்தா என் தம்பி இருந்திருப்பான்" என்று உங்கள் மேசையில் தலையை முட்டிக்கொண்டாளாம். இரண்டும் தப்பு, சார். தப்பைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. அதுதான் என் பிழைப்பு.

பதிப்பகம் ஒன்றில் நான் மெய்ப்புத் திருத்துகிறேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் எழுத்துப் பிழை, சொற்பிழை, வாக்கியப் பிழை எல்லாவற்றையும் பிடிக்கிறவன். பிள்ளைகளின் பாடநூல் என் கண்ணில் படாமல் வெளியே போகாது. நான் பேசுவது புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று உங்கள் எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் எழுதுவதை இங்கிருந்து தலைகீழாகவே படிக்க முடிகிறது. 'கம்பலம்' என்று எழுதியிருக்கிறார்.

என் மைத்துனனும் அப்படித்தான் சொல்வான். கம்பலம், பலம், கிலவி. மனைவியின் ஒரே தம்பி. அவர்களுடைய தாயார் சீக்கிரமே போய்ச் சேர்ந்ததால் இவள்தான் அவனை வளர்த்தாள். வளர்த்த லட்சணம்தான் தெரிந்ததே. முப்பது வயதைத் தாண்டிய ஆள், பிறந்தநாள் விழாக்களில் கோமாளி வேஷம் போட்டு வயிறு வளர்த்தான். முகத்தில் வெள்ளைச் சாயம், மூக்கு நுனியில் சிவப்பு ரப்பர் மூக்கு, சட்டையெல்லாம் ஜிகினா. எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவன் 'பலூன்'. அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவனால் ஒரு பலூனைக்கூட வாயால் ஊத முடியாது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனை கத்தும். பலூனுக்குக் காற்றடிக்க சைக்கிள் பம்பு ஒன்று வைத்திருந்தான். இழுப்பு நோய் அவனுக்கு வந்தது, 'இழுப்பு' என்ற சொல் வரவில்லை. 'இலுப்பு' என்பான்.

அவன் குடியிருந்த அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள் என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் அப்படியே ஒட்டிக்கொண்டான். எங்களுக்குப் படுக்கையறை ஒன்றுதான். அவனுக்குக் கூடத்தில், கம்பளத்தின் மேல், மெத்தை போட்டாள்.

அந்தக் கம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீலமும் சாம்பலும் கலந்த நிறம். சுவருக்குச் சுவர் ஒரே துண்டு. நானே தேர்ந்தெடுத்தது. எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழையும் குளிரும், ஜன்னலைத் திறக்க முடியாது. வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு அதன் மேல் காலை வைத்தால் உலகத்தின் பிழைகளெல்லாம் வாசலோடு நின்றுவிடும். அதில் அவன் ஜிகினாவைக் கொட்டினான். ஜிகினாவின் குணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, எடுக்க எடுக்க இருக்கும். பெருக்கினால் போகாது, தட்டினால் போகாது. என் காலுறையில் ஒட்டிக்கொண்டு அலுவலகம் வரை வந்தது. எடிட்டர் என் காலைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்ல விசேஷமா?" என்று கேட்டார்.

நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மனைவி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். திரைச்சீலைக் கடையில் நாள் முழுக்க நின்று துணி வெட்டிவிட்டு வருவாள், வரும்போதே கால் வலியில் நொண்டுவாள், முகம் தொங்கிப்போயிருக்கும். அவன் எழுந்து அந்த ரப்பர் மூக்கை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் போலவே நொண்டி நடப்பான். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிடுவாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நகைச்சுவை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "இது ஆறுவதற்குள் ஆறு ஆகிவிடும்" என்றேன். சிலேடை. ஒரே சொல், இரண்டு பொருள். அவள் பதறிப்போய், "அய்யோ, அவ்ளோ நேரமா? குடுங்க, ஆத்தித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு மேல் நான் முயலவில்லை. அவள் சிரிக்க வேண்டும் என்கிற அவசியமும் எனக்கு இருந்ததில்லை.

ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவன் என் பழைய கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, ஒரு செய்தித்தாளை விரித்து வைத்து, சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் "ச்சு" கொட்டினான். பிறகு செய்தித்தாளை விட்டுவிட்டு ஜன்னலை அடித்தான், மேசையை அடித்தான், கடைசியில் தன்னையே அடித்துக்கொண்டான். மனைவி சுவரில் சாய்ந்து மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள். அந்த நிறுத்தம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. மற்றபடி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடியில் வெள்ளைச் சாயம் அப்பியிருந்தது, கழுவி வைத்தேன்.

பிறகு குளிர்காலம் வந்தது, அவனுக்கு இழுப்பு அதிகமானது. வீட்டில் கம்பளம் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டாராம். கம்பளத்துத் தூசி ஆகாது, ஒன்று எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நன்றாகச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லியனுப்பினார். மனைவி வந்ததும் வராததுமாக, "கம்பளத்தை எடுத்துடலாங்க. வெறுந்தரையா இருந்தா என்ன இப்போ? அவனுக்கு மூச்சு விட முடியணும்ல" என்றாள். பழைய செருப்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி சொன்னாள். அவனும் நல்லவன் மாதிரி, "வேணாம்க்கா, அத்தானுக்குப் பிடிச்ச கம்பலம். நான் வேற எங்கயாவது போயிக்கிறேன்" என்றான். போயிருக்கலாம். போகவில்லை. இவள் விடவில்லை.

"எடுக்க வேண்டாம். கழுவும் மெஷின் வாங்குவோம். வாரம் தவறாமல் நானே கழுவுகிறேன்" என்றேன். மனைவிக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்கு நானும் அவளும்தான் போனோம். இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், சார். கடைக்குப் போகும்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மூன்றாவது வகையைத்தான் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரன் கழுத்தில் டையும் வாயெல்லாம் பல்லுமாக வந்து நின்றான். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இவள் முந்திக்கொண்டாள்.

"வீட்ல இழுப்பு இருக்குங்க. அதுக்கு ஏத்த மாதிரி பாத்துக் குடுங்க."

அவள் சொன்னது நோயை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு இழுப்பு இருக்கிறது என்று. கடைக்காரன் காதில் விழுந்தது வேறு. காலையிலிருந்து மாலை வரை மெஷின்களின் இழுப்பைப் பற்றியே பேசுகிறவன் அவன். இதன் இழுப்பு ஜாஸ்தி, அதன் இழுப்பு கம்மி என்று. வீட்டில் ஏற்கெனவே தண்ணீர் இழுக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டான்.

"இழுப்பு இருக்குற வீடுன்னா இது போதும்மா" என்று இரண்டாவது வகையைத் தட்டிக்காட்டினான். "தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் குடுத்துரும். இழுக்குறது இதுல கிடையாது. உங்களுக்கு அது தேவையும் இல்லையே?"

"இழுப்பு இருக்குறவங்களுக்கு இது ஒத்துக்கும்ல? ஒண்ணும் பண்ணாதே?"

"இழுப்பு இருந்தா இதாம்மா கரெக்ட். கண்ணை மூடிட்டு வாங்குங்க."

அவள் நிம்மதியாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பொருளில். முழுமையான, அப்பழுக்கில்லாத சிலேடை. எத்தனையோ புத்தகங்களைத் திருத்தியிருக்கிறேன், இவ்வளவு சுத்தமான ஒன்று என் கையில் வந்ததில்லை. அந்தக் கடையில் இரண்டு பொருளும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், திருத்தியாகிவிடும்.

"இதையே கட்டச் சொல்லு" என்றேன்.

வீட்டில் இருந்தது பழைய தூசி மெஷின்தான், தண்ணீர் இழுக்காது. சொன்னபடி வாரம் தவறாமல் கழுவினேன். பிறகு வாரத்துக்கு இருமுறை. கம்பளம் மேலே காய்ந்தாலும் அடியில் காயவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஜில்லென்று இருக்கும். மனைவிக்கு வாடை தெரிந்தது. "ஏதோ நாறுதுங்க" என்றாள். வாசனைத் திரவம் தெளித்தேன். ஒரு மூலையைப் பெயர்த்துப் பார்த்தபோது அடியில் கறுப்பாகப் பூத்திருந்தது. பூஞ்சை என்றால் என்ன செய்யும், யாரைச் செய்யும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் அந்தப் பாடத்தை நான்தான் திருத்தினேன். மூலையைப் பழையபடி அழுத்தி வைத்து, மேலே பூந்தொட்டியை நகர்த்தினேன்.

அவன் இளைத்துக்கொண்டே போனான். பார்ட்டிக்குப் போய்ப் பாதியில் திரும்பினான். மருத்துவர் என்னைக் கூப்பிட்டு, "வீட்ல ஈரம் கீரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "எங்கள் வீட்டைப் போலச் சுத்தமான வீடு இந்தத் தெருவிலேயே கிடையாது, டாக்டர். இவனுக்காகத்தான் கம்பளம் கழுவும் மெஷினே வாங்கினேன்" என்றேன். அவர் எழுந்து என் தோளில் தட்டிக்கொடுத்தார். இத்தனை வருஷம் படித்தவர், வீட்டுக்கு வந்து ஒரு தடவை காலை வைத்துப் பார்த்திருந்தால் காலுறை நனைந்திருக்கும். கீழ்வீட்டு டீச்சர் தன் கணவனிடம் என்னைக் காட்டி, "பாருங்க, மச்சினனுக்காக மனுஷன் எப்படிப் பாடுபடறார்" என்பாராம். பாராட்டும்போதாவது இவர்கள் யோசிக்கலாம். யோசிக்கிற பழக்கமே யாருக்கும் இல்லை.

அவனே எனக்கு நன்றி சொன்னான். நான் மெஷினைத் தள்ளும்போதெல்லாம் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்று, "என்னால உங்களுக்கு எவ்ளோ வேலை, அத்தான்" என்பான். ஒரு தடவை ரப்பர் மூக்கை மாட்டிக்கொண்டு எனக்கு சல்யூட் அடித்தான். நான் சிரிக்கவில்லை.

இனி அந்தப் பிற்பகல். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் விடுப்பில் இருந்தேன், கழுவிக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ ஒரு குழந்தையின் பிறந்தநாளிலிருந்து பாதியில் எழுந்து வந்தான். சாயத்தைக்கூடக் கழுவவில்லை. தோளிலிருந்த பையைக் கம்பளத்தின் மேல் இறக்கினான், ஜிகினா கொட்டியது. பையை எடுத்துக்கொண்டுபோய் பால்கனியில் வைத்து, கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்தேன். அவன் மூச்சுக்கு அடித்துக்கொள்கிற மருந்துக் குப்பி எப்போதும் அந்தப் பையில்தான் இருக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

உங்கள் எழுத்தர் எழுதி, நீங்கள் எனக்குப் படித்துக்காட்டினீர்களே, அதில் இந்த இடம் எப்படி இருந்தது? "மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை." முதல்நாள் நான் சொன்னதுதான். அது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நீங்கள்கூட "மனசைத் தேத்திக்குங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தீர்கள். ஆனால் வாக்கியம் தப்பு. பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கவில்லை. தண்ணீர் மாற்றுவதற்காக நிறுத்தியிருந்தேன். கூடம் நிசப்தமாக இருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து கம்பளத்தில் உட்கார்ந்தான். சாயத்துக்குக் கீழே உதடு நீலமாக இருந்தது. "அத்... அத்..." என்றான். அத்தான் என்று முழுதாக வரவில்லை. பிறகு பால்கனிக் கதவைக் கையால் காட்டி, "பை" என்றான். அந்த ஒரு சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொன்னான்.

சரியான வாக்கியம் இதுதான்: அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது, அதனால் மெஷினை ஓட்டினேன்.

புதுத் தண்ணீர் ஊற்றி, ஜன்னல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, வரிசை பிசகாமல் கழுவிக்கொண்டு வந்தேன். அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் இருந்த இடம் வந்ததும் மெஷினை நிறுத்தினேன். சத்தம் எதுவும் இல்லை. நெஞ்சுக்குள் கத்தும் அந்தப் பூனைகூட இல்லை. அந்த இடத்தை மட்டும் கழுவ முடியவில்லை, ஆள் இருந்தான். பால்கனியைத் திறந்து பையை எடுத்துவந்து அவன் பக்கத்தில் வைத்தேன், மருந்தை வெளியே எடுத்து அவன் கைக்கு அருகில் போட்டேன். பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அது ரொம்பத் தேய்ந்துபோன சொல். காரியம் முடிந்த பிறகு கம்பளத்தைப் பெயர்த்தவள் என் மனைவி. அடியில் இருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு அந்த ஈரமான துண்டையே தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறாள். "நீங்கதானேம்மா வீட்ல இழுப்பு இருக்குன்னு சொன்னீங்க" என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அன்றிலிருந்து சாப்பிடாமல், தூங்காமல், அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறாள். இழுப்புக்கும் இழுப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு விற்பனையாளனும், வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிற ஒரு பெண்ணும் சேர்ந்து இதைச் செய்துவிட்டார்கள் என்று நாளைக்கு ஊரெல்லாம் பேசும். அவர்களால் இது ஆகுமா, சார்? தப்பு செய்யத் தெரியும் அவர்களுக்கு. தப்பை அடையாளம் கண்டு, அதன் முழு அருமையும் தெரிந்து, அப்படியே விட்டுவைக்க என்னைப் போல ஒருவன் வேண்டும்.

கடைக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் அழுகிற சத்தம் தாங்கவில்லை.

மைத்துனன்மேல் பொறாமையா என்று கேட்டீர்கள். கோமாளி மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது? ஒரு ரப்பர் மூக்கு, ஒரு நொண்டி நடை. அதற்குச் சிரிப்பது சிரிப்பே இல்லை, கிச்சுகிச்சு மூட்டுவது மாதிரிதான். எனக்கு வேண்டியது சுத்தமான கம்பளம். அவ்வளவுதான். இதை அழுத்தமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ளகரத்தோடு.

மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவளை ஒரு நிமிஷம் உள்ளே விடுங்கள். அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் எதுவும் மண்டையில் ஏறாது, ஆகவே நிதானமாகச் சொல்ல வேண்டும். கடையில் அவள் என்ன சொன்னாள், கடைக்காரன் காதில் என்ன விழுந்தது, இரண்டும் ஒரே சொல்லில் எப்படிப் பொருந்தி உட்கார்ந்தன என்று. இத்தனை நாளாக அவளுக்காக வைத்திருக்கிறேன். தேநீர் விஷயத்தில் நான் விளக்காமல் விட்டதுதான் தப்பு. இதை விளக்கிச் சொன்னால் கட்டாயம் சிரிப்பாள், சார்.